கீசர் தெர்மோஸ்டாட் மாற்றுவது: கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும்

சென்னையில் அறையைச் சூடாக்க யாருக்கும் கருவி வேண்டாம். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியே கீசர்தான். மார்கழி பிறந்த பிறகுதான் குளியலறைக் கீசரின் ஞாபகம் வரும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த அது அப்போது பார்த்து முரண்டு பிடிக்கும், பழி தெர்மோஸ்டாட் (தண்ணீர் வேண்டிய சூட்டை எட்டியதும் கரண்டை நிறுத்தும் பாகம்) மேல் விழும். அதை மாற்றுவது அரை மணி நேர வேலைதான். ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் அடுத்த மார்கழிக்குப் புதியதும் போய்விடும்.

இங்கே சொல்வது 10 முதல் 25 லிட்டர் வரை கொள்ளும், 2000 வாட் ஸ்டோரேஜ் கீசருக்கு.

முதலில் குறை எங்கே என்று பாருங்கள். 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற அரை மணி நேரம் போதும், 15 லிட்டருக்கு 17, 18 நிமிடம். ஒரு மணி நேரமாகியும் ஹீட்டிங் விளக்கு அணையாமல், குழாயைத் திறந்தால் ஆவி அடிக்கிறதா? தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடனே கீசரை நிறுத்துங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகும்போதே விளக்கு அணைந்தால் அது முந்திக்கொண்டு கட் ஆகிறது. சூடே ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட், கட்-அவுட் (சூடு எல்லை மீறினால் கரண்டை வெட்டும் பாதுகாப்புப் பாகம்), எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்) மூன்றில் எது வேண்டுமானாலும் போயிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். வீட்டில் இல்லையென்றால் ரிச்சி தெருவில் சாதாரண மீட்டர் ஒன்று வாங்கினாலே இந்த வேலைக்குப் போதும்.

மின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு மூடியைத் திறக்கக்கூடாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் பேஸ் உள்ளேயே நிற்கும். பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால், மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றிலும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி உள்ளே கை வைக்க வேண்டாம்.

கீழ் மூடியைக் கழற்றியதும் ஒயர் எதையும் தொடாமல் இரண்டு மூன்று கோணங்களில் போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு ஓமில் அளக்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். எலிமென்ட்டின் இரு முனைக்கும் நடுவே சுமார் 26 ஓம் வரும். எலிமென்ட் முனைக்கும் தொட்டியின் உடம்புக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. அங்கே அளவு ஏதாவது வந்தால் எலிமென்ட்டிலிருந்து உடம்புக்குக் கரண்ட் கசிகிறது, தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பயனில்லை.

கட்-அவுட் மட்டும் திறந்திருந்தால் அதன் நடுவிலுள்ள சின்ன பட்டனை அழுத்துங்கள், ‘டிக்’ என்று உட்காரும். மறுபடியும் விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்று தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கிறது, அல்லது எலிமென்ட்டில் உப்பு படிந்திருக்கிறது. போர் தண்ணீர் ஏறும் வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம். எலிமென்ட்டின் மேல் வெள்ளை ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்கு இறங்காது. தெர்மோஸ்டாட் இருக்கும் குழாயிலும் அதே ஓடு படியும், அதனால் தண்ணீரின் சூடு அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட கீசரில் எலிமென்ட்டைத் தாங்கும் தட்டான ஃபிளேஞ்சைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பியையும் பார்த்துவிட வேண்டும். கட்-அவுட்டை நீக்கிவிட்டு ஒயரை ‘டைரக்ட்’ பண்ணித் தருகிறேன் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் தண்ணீர் கொதிப்பதைத் தடுக்க இருப்பது அது ஒன்றுதான். அதற்கும் மேல் மிஞ்சுவது பாதுகாப்பு வால்வு, அதுவும் உப்பில் அடைத்துக் கிடந்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

வாங்கப் போகும்போது பழைய தெர்மோஸ்டாட்டையே கையில் கொண்டுபோங்கள். கம்பி வகையா, கேபிலரி வகையா (நுனியில் குமிழ் உள்ள, திரவம் நிரம்பிய மெல்லிய குழாய்), கம்பியின் நீளம் எவ்வளவு, கட்-அவுட் அதிலேயே சேர்ந்ததா தனியா, இவை நான்கும் பொருந்த வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் உள்ளே இறங்காது, குட்டையாக இருந்தால் தண்ணீரின் சூட்டைச் சரியாக உணராது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள்.

பெரும்பாலான கீசரில் தெர்மோஸ்டாட் கம்பி ஒரு உலர்ந்த குழாய்க்குள் நிற்பதால் தொட்டியைக் காலி செய்யத் தேவையில்லை. உருவும்போது கம்பி ஈரமாக வந்தால் குழாய் ஓட்டை, எலிமென்ட் செட்டையே மாற்ற வேண்டும். கேபிலரி வகையில் குமிழை முழுக்க உள்ளே தள்ளுங்கள். மெல்லிய குழாயை மடக்கக்கூடாது, ஒயர் முனைகள் எதையும் அது தொடவும் கூடாது. அது ஒடிந்து உள்ளிருக்கும் திரவம் கசிந்துவிட்டால் சூடு ஏறுவதே தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது.

வழக்கமான இணைப்பு இதுதான்: பேஸ் கட்-அவுட் வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்கும், அங்கிருந்து எலிமென்ட்டின் ஒரு முனைக்கும் போகும். நியூட்ரல் மறுமுனைக்கு வரும், பச்சை ஒயர் உடம்பிலுள்ள எர்த் போல்ட்டுக்கு. சில கீசரில் கட்-அவுட் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும். அங்கே போட்டோவில் உள்ளபடியே மாட்டுங்கள். கருகிய முனையை அப்படியே திருகிவிடாமல், பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு இறுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுகள் கருகுவதில் பெரும்பங்கு இந்தத் தளர்ந்த ஸ்க்ரூவால்தான். உள்ளே ஒயர் மாற்ற நேர்ந்தால் சூடு தாங்கும் சிலிக்கான் ஒயர்தான் போட வேண்டும். வீட்டு வயரிங்குக்கான சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்குத்தான் கணக்கு.

மூடியைப் பூட்டி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று விடாமல் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே கரண்ட் கொடுங்கள். காலித் தொட்டியில் போட்டால் புது கட்-அவுட் அப்போதே விழும், எலிமென்ட்டும் கருகலாம். சூட்டை வைக்கும் திருகை 55 டிகிரியில் வையுங்கள். சூடு கூடக் கூட உப்பு வேகமாகப் படியும், போர் தண்ணீருக்கு அதற்கு மேல் வைப்பது வீண். ஹீட்டிங் விளக்கு அணையும் நேரத்தைக் குறித்து மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். அணைந்ததும் கொஞ்சம் வெந்நீரைத் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் விளக்கு மறுபடி எரியும். எரியாமலே இருந்தால் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் கட்-அவுட்தான் வெட்டியிருக்கிறது, எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள்.