டீசல் ஊறிய மண்ணை வெட்டிவேராலும் வேர்ப்பூசணத்தாலும் மீட்பது எப்படி?

மோட்டார் கொட்டகை ஓரம், டிராக்டர் நிறுத்தும் இடம் என்று டீசல் சொட்டிச் சொட்டிக் கறுத்துப்போன மண்ணில் புல்கூட முளைக்காது. அதை வெட்டி வேறெங்காவது கொட்டினால் அந்த இடமும் கெடும். இருந்த இடத்திலேயே மீட்கலாம். ஆனால் மாதக்கணக்கில், சில இடங்களில் இரண்டு வருடம்கூட ஆகும்.

செடி எண்ணெயை உறிஞ்சிக் குடிப்பதில்லை. எண்ணெயைச் சிதைப்பவை பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள்தான். வேர் அவற்றுக்குக் காற்றும் இரையும் கொடுக்கிறது. வேருக்குள் குடியேறும் பூசணம் நூல்நூலாக வெளியே படர்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) செடிக்குக் கொண்டுவருகிறது. உயிர் உரக் கடையில் ‘வேம்’ அல்லது ‘மைக்கோரைசா’ என்று கேளுங்கள்.

முதலில் சோதனை. உலர்ந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல உருண்டு நின்றால் மண் தண்ணீரை ஏற்கவில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு தொட்டியில் இந்த மண், இன்னொன்றில் நல்ல மண். இரண்டிலும் 10 காராமணி விதை. நல்ல மண்ணில் முளைத்ததில் பாதியாவது இங்கே முளைத்தால் வேறு மண் கலக்காமலே அடுத்த வேலைக்குப் போகலாம். ஒன்றுமே முளைக்காவிட்டால், பக்கத்து நல்ல மண்ணைச் சமபங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு 20 செ.மீ. ஆழம் கொத்திவிடுங்கள். வாரம் ஒருமுறை புரட்டி, மூன்று நான்கு வாரம் ஆறப்போடுங்கள். டீசலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் விதையை முதலில் கொல்கிறது, அது போகட்டும். அந்தப் பக்கம் பீடி, நெருப்பு கூடாது.

இனி உரக்கணக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான். 10 அடிக்கு 10 அடி இடத்தில் 20 செ.மீ. ஆழ மண் ஏறக்குறைய 2.5 டன். எண்ணெய் 1 சதவீதம் என்றால் 25 கிலோ. அதில் கார்பன் சுமார் 21 கிலோ. 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்), 1 பங்கு மணிச்சத்து என்பது வழக்கமான அளவு. அப்படியானால் தழைச்சத்து 2.1 கிலோ வேண்டும். நன்கு மக்கிய தொழு உரம் 200 கிலோ போட்டால் ஏறக்குறைய 1 கிலோ அதிலேயே வந்துவிடும். மீதிக்கு யூரியா: 15 நாளுக்கு ஒருமுறை 200 கிராம், தண்ணீரில் கரைத்து, 12 தடவை. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் வேர் கருகிவிடும். சூப்பர் பாஸ்பேட் வேண்டவே வேண்டாம். மணிச்சத்தின் பெரும்பகுதி தொழு உரத்திலேயே இருக்கிறது. அதற்குமேல் போனால் செடிக்குப் பூசணத்தின் உதவி தேவைப்படாது, பூசணமும் வேரில் ஏறாது.

நடவுக்கு வெட்டிவேர் நாற்று 100. தழையை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, நாற்றுக்கு நாற்று 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஒவ்வொரு குழியிலும் 10 கிராம் வேம் போட்டு, வேர் அதைத் தொடும்படி வையுங்கள். மேலே தூவுவது வீண். உயிருள்ள வேரைத் தொட்டால்தான் பூசணம் பிழைக்கும். வரிசை நடுவே 30 கிராம் சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். கடுகு, முள்ளங்கி, தண்டுக்கீரை இந்த வேலைக்கு உதவாது; அவற்றின் வேரில் இந்தப் பூசணம் சரியாகக் குடியேறுவதில்லை. பூசணக்கொல்லி மருந்தையும் மண்ணில் ஊற்றாதீர்கள்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை விடுங்கள். தேங்கினால் காற்று போய்விடும், எண்ணெய் அப்படியே கிடக்கும். எண்ணெய் படிந்து தண்ணீர் தேங்கிக் கிடக்கும் எண்ணூர்க் கழிமுகச் சேறு போன்ற இடங்களுக்கு இந்த முறை பொருந்தாததும் அதனால்தான். இரண்டு மூன்று வாரத்தில் இலை வெளுத்தால் பயப்படாதீர்கள். தழைச்சத்தை பாக்டீரியா முந்திக்கொண்டது, அடுத்த யூரியாவைச் சில நாள் முன்னதாகக் கொடுங்கள்.

ஆறு மாதம் கழித்து அதே காராமணிச் சோதனை. ஆய்வகத்தில் பார்ப்பதானால், நடவுக்கு முன்பும் பின்பும் ஐந்து இடத்து மண்ணைக் கலந்து கொடுத்து, மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவைக் கேளுங்கள்.

பழைய இன்ஜின் ஆயில் சிந்திய இடமென்றால் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களும் இருக்கலாம், அவை சிதையாது. அங்கே காய்கறி போடாதீர்கள், புல்லை மாட்டுக்கு அறுக்காதீர்கள். பிடுங்கிய வெட்டிவேர் எவ்வளவு மணந்தாலும், குடிக்கிற பானைத் தண்ணீரில் போடக்கூடாது.