ஜெர்மன் கூட்டுச்சொல்லை வரி முடிவில் உடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நீர்மின் நிலையத்தின் ஜெர்மன் கையேட்டுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி 'ஷ்டவ்ப்-' என்று முடிந்து, அடுத்த வரி 'எக்கன்' என்று தொடங்கியது. கையேடு சொல்லவந்தது 'ஷ்டவ்-பெக்கன்', அதாவது நீர்த்தேக்கம். மென்பொருள் வெட்டிய இடத்தில் அது 'தூசி மூலைகள்' ஆகிவிட்டது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஹைபன் ஓர் எழுத்து தள்ளி விழுந்தது, அவ்வளவுதான்.

'பலகை'யைப் 'பல கை' என்று பிரித்தால் பொருள் மாறுவது நமக்குத் தெரியும். பிரிமொழிச் சிலேடை என்று இலக்கணத்தில் அதற்குப் பெயரே உண்டு. ஆனால் தமிழ் அச்சில் ஹைபன் போடாமலே சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது பழக்கம். அதே பழக்கத்தோடு ஜெர்மன் பக்கத்தில் கைவைக்கக் கூடாது. அங்கே படிப்பவர் ஹைபன் வரை உள்ளதை ஒரு சொல்லாக மனதில் வாங்கிக்கொண்டுதான் அடுத்த வரிக்கு வருவார்.

அடுத்த தவறு, மொழியைக் குறிப்பிடாமல் விடுவது. பத்தியின் மொழி ஆங்கிலம் என்று இருந்தால் ஜெர்மன் சொல் ஆங்கில விதிப்படி வெட்டுப்படும். ஜெர்மன் என்று மட்டும் சொன்னாலும் போதாது. 1996 எழுத்துச் சீர்திருத்தம் உடைக்கும் விதிகளையும் மாற்றியது. ஜன்னலைக் குறிக்கும் சொல் முன்பு 'ஃபென்-ஸ்டர்', இப்போது 'ஃபென்ஸ்-டர்'. டெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் மொழிகளைக் கவனிக்கும் பேபல் தொகுப்பில் 'ஜெர்மன்' என்று கொடுத்தால் பழைய விதி, 'என்ஜெர்மன்' என்றால் புதியது. அடோபியின் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் பழையதும் புதியதும் தனித்தனித் தேர்வுகள். வலைப்பக்கத்தில் மொழி எது என்று சொல்லும் லாங் பண்பு இல்லாவிட்டால் தானியங்கி ஹைபனையே நம்ப முடியாது.

சரி, மொழி சரியாக இருக்கிறது. அப்புறமும் ஏன் தூசி? மென்பொருளுக்குப் பொருள் தெரியாது என்பதால்தான். ஃபிராங்க் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் வகுத்த முறைதான் டெக்கில் இருக்கிறது. லிப்ரேஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் அதன் வழியில்தான் போகின்றன. எந்த எழுத்துக் கூட்டத்துக்கு நடுவே வெட்டலாம், எங்கே கூடாது என்று எண்களால் எடைபோடும் பேட்டர்ன்கள் அவை. பெரும்பாலான சொற்களை அழகாகவே உடைக்கும். ஆனால் 'ஊர்-இன்ஸ்டிங்க்ட்' என்றால் ஆதி இயல்பு. 'ஊரீன்-ஷ்டிங்க்ட்' என்றால் சிறுநீர் நாறுகிறது. எழுத்துக்கூட்டு ஒன்றேதான். எது சரி என்று சொல்லக் கண் வேண்டும்.

கண்ணில் பட்டதும் கீபோர்டில் உள்ள ஹைபனைத் தட்டிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு, மோசமானதும் அதுதான். அன்றைக்குப் பக்கம் சரியாகிவிடும். நாளைக்கு ஆசிரியர் மேல் வரியில் ஒரு சொல்லை எடுப்பார், வரிகள் நகரும், அந்த ஹைபன் வரி நடுவில் வந்து நிற்கும். டெக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஹைபன் உள்ள சொல்லை அது வேறு எங்கும் தானாக உடைக்காது. இதற்கென்றே மென்ஹைபன் இருக்கிறது, தேவைப்பட்டால் மட்டும் தெரிவது. வேர்டில் கன்ட்ரோலோடு ஹைபன், இன்டிசைனில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹைபன், டெக்கில் \-.

மென்ஹைபனிலும் ஒரு பள்ளம் உண்டு. சொல்லில் ஒன்று போட்டுவிட்டால் இன்டிசைனும் டெக்கும் வேறு இடத்தில் அதை உடைக்கமாட்டா. டானூப் நீராவிக் கப்பல் போக்குவரத்து நிறுவனம் என்ற பொருளில் வரும் 'டோனவ்டாம்ப்ஃப்ஷிஃப்ஃபார்ட்ஸ்கெசெல்ஷாஃப்ட்' போன்ற சொல்லில் ஒரே ஒன்றை வைத்தால், அது வரி முடிவுக்கு ஒத்துவராதபோது பத்தி முழுக்க இடைவெளி பிளந்துகொள்ளும். எல்லா மூட்டிலும் வையுங்கள்: டோனவ், டாம்ப்ஃப், ஷிஃப், ஃபார்ட்ஸ், கெசெல்ஷாஃப்ட். இணைப்புக்காக வரும் 'ஸ்' முந்தைய துண்டோடுதான் நிற்கும். அதை அடுத்த வரிக்குத் தள்ளக் கூடாது. பேபலில் \-க்குப் பதில் "- போட்டால் மற்ற இடங்களும் திறந்தே இருக்கும்.

ஹைபனே வேண்டாம் என்று மொத்தமாக அணைப்பது குறுகிய பத்தியில் பக்கத்தைக் கெடுத்துவிடும். அடுத்தடுத்து இரண்டு ஹைபனுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் ஜெர்மனுக்குத் தளர்த்துவேன். மூன்று வந்தாலும் பரவாயில்லை, ஓட்டை வரி வேண்டாம்.

திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பயனர் அகராதியில் சேர்ப்பதே நல்லது. இன்டிசைனில் நல்ல இடத்துக்கு ஒரு ~, சுமாரானதற்கு இரண்டு, வேறு வழியில்லாவிட்டால் மூன்று. டெக்கில் ஹைபனேஷன் கட்டளை. நீர்த்தேக்கத்தை அப்படிச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். 19ஆம் பக்கத்தில் வேற்றுமை உருபாக ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டு 'ஷ்டவ்பெக்கன்ஸ்' வந்தது, மறுபடியும் தூசி. அகராதிக்கு அது வேறு சொல். இப்போதெல்லாம் ஒரு சொல்லைச் சேர்க்கும்போதே அதன் பன்மையையும் உருபு ஏற்ற வடிவங்களையும் கூடவே தட்டிவிடுகிறேன்.