‘டீக்’ நம் தேக்குதான்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தூண், நிலைக்கதவு விற்பவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் ஆங்கிலச் சொல் ‘டீக்’. அது நம் தேக்கேதான்! தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தேக்கு, போர்ச்சுகீசியரிடம் ‘தேக்கா’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. செட்டிநாட்டு வீடுகளுக்கு மரம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அதன் பெயரோ நம் பக்கத்திலிருந்து கப்பலேறியது. எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘வுட்’ என்பது ‘வுடன் டோர்’ என்று மாறும். ‘டீக்’ மாறாது, ‘டீக் டோர்’ என்றே எழுத வேண்டும். மரப்பொருளைச் சொல்லும்போது பன்மையும் கிடையாது. விலைப்பட்டியலில் ‘10 டீக்ஸ்’ தவறு, ‘10 டீக் பில்லர்ஸ்’ சரி.