பழைய மரக் கட்டட கிட் வாங்கும் முன்

மாடல் ரயில் பாதைக்கு கிராஃப்ட்ஸ்மேன் கிட் தேடுகிறீர்களா? வெட்டிய மரம், உலோக வார்ப்புகள், காகிதக் கூரை ஓடுகள் என எல்லாவற்றையும் நாமே ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டிய வகை இது. அமெரிக்காவில் ஜார்ஜ் செல்லியோஸ் 1967-ல் தொடங்கிய ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் கிட்டுகள் அருமையானவை. இப்போது பழைய பெட்டிகளாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். விற்பவரிடம் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செய்முறைத் தாளும் வரைபடமும் இருக்கின்றனவா? மரத் துண்டு குறைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், வார்ப்பு தொலைந்திருந்தால் மாற்று கிடைப்பது பெரும்பாடு. மாடலின் அளவு விகிதத்தையும் பாருங்கள்: ஹெச்ஓ (HO) என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; என் (N) என்றால் 1:160. முதல்முறை என்றால் சின்னக் கொட்டகை ஒன்று போதும். சுவரின் இரு பக்கமும் வண்ணம் பூசுங்கள், மரம் வளைவது குறையும்.