வெஸ்டர்ன் டாய்லெட்டைக் கழிவுக் குழாயில் இணைப்பது எப்படி?

எங்கள் வீட்டு பாத்ரூமில் க்ளோசெட்டை, அதாவது உட்காரும் பீங்கான் பகுதியை, இறக்கி வைத்த அன்றுதான் தெரிந்தது, ஃப்ளஷ் டேங்க் சுவரில் இடிக்கிறது. குழாயின் மையம் சுவரிலிருந்து 9 இன்ச் இருக்க வேண்டும் என்று டேப் பிடித்து அளந்துதான் விட்டிருந்தோம். ஆனால் அளந்தது வெறும் செங்கல் சுவரிலிருந்து. பூச்சு, டைல்ஸ் ஒட்டும் கலவை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒன்றரை இன்ச்சை விழுங்கிவிட்டன. அப்புறம் ஆஃப்செட் கனெக்டர் என்ற கோணல் இணைப்பை வாங்கிச் சமாளித்தோம்.

அதனால் முதல் வேலை, குழாய் பதிப்பதற்கு முன்பே க்ளோசெட்டை வாங்குவது. குறைந்தது மாடலையாவது முடிவு செய்துவிடுங்கள். க்ளோசெட்டுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுதான் டிராப். அதைத் தாண்டிக் கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப், பின்சுவருக்குள் போனால் பி டிராப். இங்கே எஸ் டிராப்பைப் பார்ப்போம். க்ளோசெட்டின் பின்பக்கத்திலிருந்து கழிவு வாயின் மையம் வரை அளந்தால் பெரும்பாலும் 9 அல்லது 12 இன்ச் இருக்கும். அதோடு பூச்சுக்கும் டைல்ஸுக்கும் ஒன்றரை இன்ச் கூட்டி, செங்கல் சுவரிலிருந்து குறியுங்கள்.

குழாய் 110 மில்லிமீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது கழிவுநீருக்கும் மழைநீருக்குமான பி.வி.சி. குழாய். அதில் ஏ டைப், பி டைப் என்று இரண்டு உண்டு. மெல்லிசான ஏ டைப் மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும்தான். டாய்லெட்டுக்கு பி டைப் கேளுங்கள். வாட்டம் 40-க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 இன்ச் இறக்கம். குழாயின் சாக்கெட் வாய், அதாவது அடுத்த குழாய் நுழையும் அகன்ற முனை, எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும். திரும்பும் இடத்தில் டோர் பெண்ட் என்ற, திறக்கும் மூடி வைத்த வளைவைப் போட்டால் பின்னாளில் அடைப்பெடுக்க வழி இருக்கும்.

ஒரு விஷயத்தில் உஷார். நாற்றம் வரக்கூடாது என்று சிலர் இந்தக் குழாயிலும் தனியாக ஒரு டிராப் வைத்துவிடுகிறார்கள். க்ளோசெட்டுக்குள்ளேயே டிராப் இருக்கிறது. அதில் நிற்கும் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கிறது. இரண்டாவது டிராப் வைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு, ஃப்ளஷ் செய்த தண்ணீர் இறங்காமல் ததும்பும்.

டைல்ஸ் வேலை முடியும்வரை குழாய் வாயை மூடி போட்டு அடைத்து வையுங்கள். திறந்து கிடந்தால் சிமெண்டு, ஜல்லி, டீ கப் எல்லாம் உள்ளே போகும். வேலை முடிந்ததும் குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்து, உள்விளிம்பின் பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். பிசிறு இருந்தால் பிறகு உள்ளே நுழைக்கும் கனெக்டரின் ரப்பரைக் கிழித்துவிடும்.

இப்போது க்ளோசெட்டைச் சும்மா வைத்துப் பார்த்து, போல்ட் ஓட்டைகளைப் பென்சிலால் குறியுங்கள். நகர்த்திவிட்டு டிரில் போடலாம். டைல்ஸைத் தாண்டும்வரை ஹேமர் மோடு வேண்டாம், விரிசல் விடும். அந்த இடத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைப்புக்கு ரப்பர் கனெக்டர் போதும். வெள்ளை சிமெண்டு வைத்துப் பூசிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இறுகிவிட்டால், ஒரு சின்னக் கசிவுக்குக்கூட க்ளோசெட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கனெக்டரின் அகன்ற ரப்பர் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, க்ளோசெட்டின் கழிவு வாயில் முழுசாக ஏற்றுங்கள். மறுமுனையில் இருக்கும் ரப்பர் வளையங்களுக்கும் சோப்பு தடவுங்கள். பிறகு இருவராகத் தூக்கி நேராகக் குழாய்க்குள் இறக்க வேண்டும். ஒருவர் தூக்குகிறபோது மற்றவர் குனிந்து குழாய் வாயைப் பார்த்துச் சொல்வது நல்லது. வளையம் ஒரு பக்கம் மடங்கிப் போனால் மேலிருந்து தெரியாது.

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஆடினால் அடியில் பிளாஸ்டிக் ஆப்பு கொடுக்கலாம். போல்டுகளை பிளாஸ்டிக் வாஷரோடு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஆடாமல் நின்றால் போதும். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் பீங்கான் கீறிவிடும்.

டேங்குக்கு, சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்விலிருந்து கனெக்‌ஷன் டியூப். கசிவைத் தடுக்கச் சுற்றும் டெஃப்லான் டேப், ஆங்கிள் காக்கில் சுவருக்குள் ஏறும் மரைக்கு மட்டும். டியூபின் நட்டுக்கு உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறது, அதுவே போதும்.

க்ளோசெட்டின் அடிவிளிம்பை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசுவதற்கு முன் சோதனை. ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள், ஐந்தாறு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். அடிப்பாகத்தைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் முன்பக்கமும் இரு பக்கங்களும் சிலிக்கான் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். பின்பக்கம் மட்டும் இரண்டு இன்ச் பூசாமல் விட்டுவிடுங்கள். என்றைக்காவது ரப்பர் தேய்ந்து கசிந்தால், தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் ஊறிப் போகாமல் அந்த இடைவெளி வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். அப்போது போல்டைக் கழற்றி, சிலிக்கானைக் கீறிவிட்டு, புது கனெக்டர் மாற்றினால் வேலை முடிந்தது.