கரோல் லொம்பார்டை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மொட்டை மாடியில் ப்ரொஜக்டர் வைத்து 1930-களின் ஹாலிவுட் நகைச்சுவை நடிகையான இவர் படங்களைப் போடப் போகிறீர்களா, 1934-ல் வந்த 'ட்வென்டியத் செஞ்சுரி'யை முதல் நாளே போடாதீர்கள். பெயர் வாங்கித் தந்த படம்தான், ஆனால் அவரும் உடன் நடித்த ஜான் பேரிமோரும் ரயிலுக்குள் விடாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள், வியாசர்பாடியில் தண்டவாளத்தை ஒட்டி வீடு என்றால் எது படத்து ரயில், எது நம்ம ரயில் என்றே தெரியாது.

1936-ன் 'மை மேன் காட்ஃப்ரே'யில் தொடங்குங்கள். பணக்கார வீட்டுச் செல்லப் பெண் (அதுதான் லொம்பார்ட்), குப்பைமேட்டில் வாழும் ஒருவரை வேலைக்காரராக வீட்டுக்கே கூட்டி வருகிறாள். அந்த வேலைக்காரராக நடித்த வில்லியம் பவல், நிஜத்தில் லொம்பார்டின் முன்னாள் கணவர், 1933-லேயே விவாகரத்தானவர்! லொம்பார்ட் மூச்சுவிடாமல் உளறும்போது முகத்தைக் கவனியுங்கள். 'சிரிங்க' என்று அது ஒருமுறைகூடக் கேட்காது, தான் சொல்லும் அபத்தத்தை அவர் முழுசாக நம்புகிறார். ஆஸ்கர் பரிந்துரை சும்மா கிடைக்கவில்லை. பேச்சு வேகம் என்பதால் சப்டைட்டிலைப் பெரிய எழுத்தில் வையுங்கள்.

அடுத்து வண்ணத்தில் வந்த 'நத்திங் சேக்ரட்', 1937. அப்புறம் அந்த ரயில் படம்.

கடைசியாக 'டு பி ஆர் நாட் டு பி'. லொம்பார்ட் போர்க்கடன் பத்திரம் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில், 1942 ஜனவரியில், விமான விபத்தில் 33 வயதில் இறந்துபோனார். படம் அதற்குப் பிறகுதான் வெளியானது. இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்பே சொன்னால் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

ராயபுரம் பக்கம் என்றால் திரையின் கீழ் முனைகளையும் இழுத்துக் கட்டுங்கள், கடல் காற்று சும்மா விடாது.