குடல் அழற்சியை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கண்காணிப்பது எப்படி?

குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ உள்ளவர்கள், மருந்து வேலை செய்கிறதா என்று அறிய ஒவ்வொரு முறையும் பேதி மருந்து குடித்துக் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டியதில்லை. குடல் சுவரை அளக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே பல விவரங்கள் தெரிந்துவிடும். ஆனால் வழக்கமான வயிற்று ஸ்கேனில் குடலைத் தனியாக அளப்பது அரிது என்பதால், சேலத்தில் எந்த ஸ்கேன் மையத்துக்குப் போவதானாலும், குடல் சுவரின் தடிமனை அளந்து தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றுவலியோடு இறங்கி வந்த ஒருவர், அளவே இல்லாத ஒற்றை வரி அறிக்கையோடு மலையேறுவது பெரும் வேதனை.

சில மணி நேரம் சாப்பிடாமல் போனால் படம் தெளிவாக அமையும். வலது அடிவயிற்றில் ஜெல் தடவிக் கருவியை மெல்ல அழுத்தும்போது, சிறுகுடலின் கடைசிப் பகுதி திரையில் கறுப்பும் வெளுப்புமாக அடுக்கடுக்காகத் தெரியும். சுவர் பொதுவாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தடித்து, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அந்த ஓட்டமும் மிகுந்திருந்தால், அழற்சி அடங்கவில்லை என்றே மருத்துவர்கள் பெரும்பாலும் கருதுவார்கள். எந்தப் பகுதி, எத்தனை மில்லிமீட்டர் என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்; அடுத்த ஸ்கேனில் அதே இடத்தோடு ஒப்பிட அந்த எண்தான் உதவும். மலக்குடல் மட்டும் இதில் சரியாகத் தெரியாது. ஆகவே மலத்தில் இரத்தம் போனால், ஸ்கேன் நன்றாக வந்திருந்தாலும் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.